கிணற்றுப் பட்டியலுக்குப் போட்ட பூட்டு

கடத்தூர்,
5.10.2024, சனிக்கிழமை.

அன்புள்ள தம்பி குருவுக்கு,

அக்கா கோகிலவாணி எழுதுவது. முதலில் ஒரு கேள்வி. பூட்டை உடைக்காமல், சாவியும் இல்லாமல், பூட்டின் மேல் ஒரு கீறல்கூட விழாமல், உள்ளே இருந்ததை ஒருவர் அப்படியே வெளியே எடுத்துக்கொண்டு போய்விட்டால், அது பூட்டித்தான் இருந்தது என்று சொல்ல முடியுமா? நான்கு நாட்களாக யோசிக்கிறேன். எனக்குப் பதில் தெரியவில்லை. நீ பெங்களூரில் கணினிப் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்ப்பவன் என்பதாலும், அந்தப் பூட்டைப் போட்டவனே நீதான் என்பதாலும் உன்னிடம் கேட்கிறேன்.

முறைப்படி நலம் விசாரித்துவிட்டுத்தான் கேள்வி கேட்டிருக்க வேண்டும். இங்கே நானும் உன் மாமாவும் நலம். மாமாவுக்கு முழங்கால் வலி. வயலுக்குப் போகும்போது அதிகமாகவும் டீக்கடைக்குப் போகும்போது குறைவாகவும் இருக்கிறது. அங்கே நீங்கள் மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், ஏனென்றால் நீ போனை எடுப்பதில்லை. இதைக் காகிதத்தில் எழுதுவதற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம், இந்த வாரம் நான் போனில் அனுப்பிய எதுவும் நான் அனுப்பியபடியே இருக்கவில்லை. காகிதத்தில் என் கையெழுத்தை மாற்ற நினைப்பவர் கொஞ்சமாவது பாடுபட வேண்டியிருக்கும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் வரும், பொறுத்துக்கொள். எங்கள் கிணறு நான்கு வீட்டுக்குப் பொது. தண்ணீர் முறை எட்டு நாள். முதல் இரண்டு நாள் எங்கள் வீட்டுக்கு, ஏனென்றால் எங்கள் வயல்தான் கிணற்றை ஒட்டி இருக்கிறது. அடுத்த மூன்று நாள் நஞ்சப்பன் மாமாவுக்கு. அவர் உன் மாமாவுடைய பெரியப்பா மகன், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதற்கடுத்த இரண்டு நாள் ஸ்தனிஸ்லாஸுக்கு. பதினோரு வருடத்துக்கு முன் எங்கள் சின்ன மாமனாரின் பங்கை வாங்கிக்கொண்டு வந்தவர். கடைசியாக எட்டாம் நாள் சின்னம்மாளுக்கு. இறந்துபோன என் கொழுந்தனாரின் மனைவி. அரை ஏக்கர் சாமந்தி வைத்திருக்கிறாள், அந்த ஒரு நாள் தண்ணீரை நம்பி. முறை தப்பித் தண்ணீர் கட்டினவருக்கு அடுத்த முறை கிடையாது என்பது கிணறு வெட்டிய காலத்திலிருந்து இருக்கும் விதி. யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மறக்கவும் இல்லை.

வாரத்துக்கு ஏழு நாள், முறைக்கு எட்டு நாள். ஆகவே இந்த முறை செவ்வாய் யாருக்கோ அவருக்கு அடுத்த முறை புதன். இதை யாராலும் மனத்தில் வைத்துக்கொள்ள முடியாது. அதனால் கிணற்று மேட்டில் எட்டுக் கல் வைத்திருந்தார்கள். அன்றைக்குத் தண்ணீர் கட்டியவர் மோட்டாரை நிறுத்திவிட்டு ஒரு கல்லை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளி வைக்க வேண்டும். ஜூன் மாதம் நஞ்சப்பன் மாமா வீட்டு ஆடு ஒன்று கிணற்று மேட்டில் ஏறி ஐந்து கல்லை உள்ளே தள்ளிவிட்டது. அதன் பிறகு இரண்டு வாரம் நான்கு வீட்டுக்கும் நான்கு கணக்கு. கடைசியில் நஞ்சப்பன் மாமாதான், "வூட்டுல கணக்கு டீச்சர வெச்சுக்கிட்டு கல்ல எண்ணிக்கிட்டு இருக்கறோம்" என்றார். ஜூலை ஒன்றாம் தேதியிலிருந்து பட்டியல் என் பொறுப்பு என்று ஆயிற்று.

லேப்டாப்பில் அட்டவணையாகப் போட்டேன். மாதத்துக்கு ஒரு பக்கம். ஒன்றாம் தேதியில் எங்கள் வீட்டில் தொடங்கி மாதக் கடைசி வரை வரிசையாகப் பெயர்கள். மேலே மஞ்சள் பட்டையில் "தண்ணீர் முறை", கீழே சிறிய எழுத்தில் "தயாரிப்பு: கோகிலவாணி மாதவராஜ், எம்.எஸ்ஸி." என்று. அந்த எம்.எஸ்ஸி. அவசியமா என்று உன் மாமா கேட்டார். பட்டியலுக்கு ஒரு கனம் வேண்டும் என்று சொன்னேன். ஜூன் கடைசியில் நீ வந்திருந்தபோது அதைப் பார்த்துவிட்டு, "யார் வேணாலும் இதுல கை வெக்கலாம்க்கா, ஒரு பாஸ்வேர்டு போட்டுத் தரேன்" என்று சொல்லி, டீ ஆறுவதற்குள் போட்டுத் தந்தாய். நம் பசுவின் பெயர், பக்கத்தில் கிணற்றின் ஆழம். போட்டு முடித்துவிட்டு நீ சொன்னதை நான் வார்த்தை மாறாமல் நினைவில் வைத்திருக்கிறேன். "இனிமே பிரம்மாவே வந்தாலும் இதுல ஒரு எழுத்த மாத்த முடியாது."

நான் எதையும் எளிதில் நம்புகிறவள் இல்லை. பஸ்ஸில் போர்டு பார்த்து ஏறினாலும் உள்ளே போய்க் கண்டக்டரிடம் ஒரு முறை கேட்டுவிட்டுத்தான் உட்காருவேன். இதையும் சோதித்துப் பார்த்தேன். ஒரு கட்டத்தில் ஓர் எழுத்துத் தட்டினேன். இது பாதுகாக்கப்பட்டது, மாற்ற முடியாது என்று உடனே ஒரு பெட்டி எழும்பி வந்து சொன்னது. இன்னொரு கட்டத்தில் தட்டினேன், அதையே சொன்னது. அவ்வளவு உறுதியாக யாரும் என்னிடம் பேசியதில்லை. நம்பிவிட்டேன்.

"கிணறு" என்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு, அதில் மாதம் பிறப்பதற்கு முந்தின நாள் பட்டியலைப் போட்டுவிடுவேன். சின்னம்மாளிடம் அந்த மாதிரி போன் இல்லாததால் அவளுக்கு மட்டும் பள்ளியில் அச்செடுத்துத் தாளாகக் கொடுப்பேன். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் ஒரு சச்சரவும் இல்லை. சின்னம்மாள் மட்டும் ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரு முறையும் செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு முறையும் வாசலுக்கு வந்து, மாதக் கடைசியில் தண்ணீர் வர ரொம்ப நாள் ஆகிறது, செடி வாடுகிறது என்றாள். எட்டு நாள் என்றால் எட்டு நாள்தான், வெயிலில் காத்திருந்தால் நீளமாகத் தெரியும் என்றேன். பட்டியல் பூட்டியிருக்கிறது, அதில் யாரும் கை வைக்க முடியாது என்பதையும் எடுத்துச் சொன்னேன். கையிலிருந்த தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள், அதில் எங்காவது பூட்டு இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. "சரிங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். இதற்கும் நடந்ததற்கும் தொடர்பு இல்லை. எதையும் விடாமல் எழுத வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பர் முப்பதாம் தேதி ஸ்தனிஸ்லாஸின் முறை. அன்று சாயங்காலம் அக்டோபர் பட்டியலைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் ஸ்தனிஸ்லாஸ் போன் செய்து, "டீச்சர், நாளைக்கும் எனக்குத்தானுங்களே" என்று ஆரம்பித்தார். நான் விடைத்தாள் கட்டு ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பட்டியலில் என்ன இருக்கிறதோ அதுதான், அது பூட்டியிருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு உன் மாமா மோட்டார் போடப் போனால் மோட்டார் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்தனிஸ்லாஸ் மண்வெட்டியோடு வாய்க்காலில் நிற்கிறார். இன்றைக்கு என் முறை என்று இவர் போனைக் காட்ட, இன்றைக்கு என் முறை என்று அவர் போனைக் காட்டியிருக்கிறார். இரண்டிலும் அதே மஞ்சள் பட்டை. இரண்டிலும் கீழே நான், எம்.எஸ்ஸி.யோடு. ஒன்றில் அக்டோபர் ஒன்று மாதவராஜ், இன்னொன்றில் அக்டோபர் ஒன்று ஸ்தனிஸ்லாஸ். உன் மாமா வீட்டுக்கு வந்து, "ரெண்டுமே உன் லிஸ்ட்டுதான், ரெண்டு புருஷனுக்கும் எப்படி ஒரே நாள் குடுத்த?" என்று கேட்டார். காலையில் அவருக்கு யோசிக்காமல் பேசும் பழக்கம் உண்டு.

என் கோப்பைத் திறந்து பார்த்தேன். அது நான் போட்டபடியே இருந்தது. ஸ்தனிஸ்லாஸ் குழுவில் போட்டிருந்ததைத் திறந்தேன். அதில் ஒரு கட்டத்தில் தட்டினேன். பாதுகாக்கப்பட்டது, மாற்ற முடியாது என்றது. பசுவின் பெயரைப் போட்டேன். தவறு என்றது. என் பெயர் போட்ட பட்டியல், எனக்கே திறக்காதபடி பூட்டிக் கிடந்தது. ஒன்றாம் தேதியில் அவர் தன் பெயரைப் போட்டுக்கொண்டு மற்றவர்களைக் கீழே தள்ளியிருப்பது மட்டும் தெரிந்தது. மேற்கொண்டு படிக்கவில்லை. படிக்கத் தேவை இருப்பதாகவும் படவில்லை.

இரண்டாம் தேதி என் பட்டியல்படி உன் மாமா விடியுமுன் போய் எங்கள் வயலுக்குத் தண்ணீர் கட்டினார். அன்று காந்தி ஜெயந்தி, பள்ளி இல்லை. நான் டவுனுக்குப் போய் பஸ் ஸ்டாண்டு எதிரில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரர் சவுரியப்பன், ஸ்தனிஸ்லாஸின் மச்சான். ஐம்பத்தைந்து வயதிருக்கும், சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருப்பவர். அங்கே போனதற்கு எனக்கு அந்த உறவே போதுமான காரணமாக இருந்தது. அவரோ ஒளிக்கவே இல்லை. "ஆமாங்க, நாந்தான் மாத்திக் குடுத்தேன், உக்காருங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். பூட்டை எப்படித் திறந்தீர்கள் என்று கேட்டேன். திறக்கவே இல்லை என்றார். கணினியில் என் பட்டியலைக் கொண்டுவந்து, ஒட்டுமொத்தமாகத் தேர்ந்தெடுத்து, நகல் எடுத்து, ஒரு புதிய வெற்றுப் பக்கத்தில் ஒட்டினார். ஒட்டியதில் பூட்டு இல்லை. மஞ்சள் பட்டை இருந்தது, எம்.எஸ்ஸி. இருந்தது, பூட்டு மட்டும் கூட வரவில்லை. நான் ஸ்டூலில் சரியாக உட்காருவதற்குள் இது முடிந்துவிட்டது. அதன் மேல் அவராக ஒரு பாஸ்வேர்டு போட்டிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். "உங்களோடது பூட்டியிருந்துச்சு. இதுவும் பூட்டியிருந்தாத்தானுங்களே மரியாதை" என்றார்.

அதோடு விடவில்லை. உன் பூட்டையே எடுத்துக் காட்டட்டுமா என்று கேட்டு, கோப்பை வேறொரு மென்பொருளில் திறந்து என்னவோ செய்து, அதையும் இல்லாமல் ஆக்கிக் காட்டினார். பசுவின் பெயரை யாரும் கேட்கவில்லை. அப்படியானால் இந்தப் பூட்டை எதற்காக வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உன் அலுவலகத்தில் இதை யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"டீச்சர், தோட்டத்துக்குப் படல் கட்டறோம் இல்லீங்க? அது ஆடு மாடு தெரியாம நொழையாம இருக்கறதுக்கு. மனுசன் கைய வுட்டுக் கயித்த அவுத்தா அது என்னங்க பண்ணும்? நீங்க படலக் கட்டிட்டு பீரோன்னு நெனச்சுக்கிட்டீங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் போர்டை இரண்டு முறை பார்த்தேன்.

மூன்றாம் தேதி காலை நஞ்சப்பன் மாமாவின் பட்டியல் வந்தது. அதே கடை, அதே மஞ்சள் பட்டை, அதே நான். அதில் அவருக்கு மூன்று நாளுக்குப் பதில் நான்கு நாள், முறையும் ஒன்பது நாளாக வளர்ந்திருந்தது. போய்க் கேட்டேன். அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. பாகம் பிரிக்கும்போதே தன் அப்பாவுக்கு நான்கு நாள் வந்திருக்க வேண்டும், அறுபது வருடமாக யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இருந்தது, இப்போதுதான் சொல்ல ஒரு வசதி வந்திருக்கிறது என்றார். "ஏம்மா வாணி, உன் கையெழுத்துல வந்தா ஊரே ஒத்துக்கும்மா. நீ எம்மெஸ்ஸி இல்ல?" அது என் கையெழுத்து இல்லை மாமா என்றேன். "அட, உன் பேர்லதானே இருக்குது" என்றார். அன்று சாயங்காலம் உன் மாமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நாமும் ஒன்று போட்டுக்கொண்டால் என்ன, நமக்கு மட்டும் கடைக்குப் போகிற செலவுகூட இல்லையே என்று மெதுவாகக் கேட்டார். அவரை நான் பார்த்த பார்வையில் எழுந்து போய்விட்டார்.

அன்றே நஞ்சப்பன் மாமா மோட்டார் ரூமிலிருந்து, மோட்டாருக்குக் கரண்ட் தரும் ப்யூஸ் கேரியரைக் கழற்றித் தன் பழைய கண்டக்டர் பையில் போட்டுக்கொண்டுவிட்டார். எது சரியான பட்டியல் என்று முடிவாகும் வரை யாருக்கும் தண்ணீர் கிடையாதாம். நியாயம் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் மூன்று நாளாகக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, வயலில் இல்லை. ஸ்தனிஸ்லாஸின் தக்காளி காய்ப் பருவத்தில் இருக்கிறது. சின்னம்மாளின் சாமந்தி மொட்டாக நிற்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. அதற்குப் பூக்காவிட்டால் அப்புறம் அது எப்போது பூத்தால் என்ன.

நான் உனக்குப் பதினேழு முறை போன் செய்ததும், நீ பதினொரு வினாடி நீளத்தில் ஒரு குரல் பதிவு அனுப்பியதும் இந்தச் சமயத்தில்தான். பக்கத்துக்கு மட்டும் போட்ட பூட்டு சும்மா, கோப்பையே திறக்க முடியாதபடி போடு, அதுதான் நிஜப் பூட்டு என்றாய். அதைப் பூட்டு என்று ஜூனில் சொன்னவனும் நீதான், சும்மா என்று அக்டோபரில் சொல்பவனும் நீதான். இருந்தாலும் செய்தேன். நேற்று, நான்காம் தேதி, பதினான்கு எழுத்தில் ஒரு பாஸ்வேர்டு போட்டேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் வைத்து. உண்மை ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று லேப்டாப்பில் இருந்த மற்ற நகல்களை எல்லாம் அழித்தேன். குழுவில் போட்டேன்.

சவுரியப்பனால் முடியவில்லை. கோப்பு அவர் கடைக்குப் போன அரை மணி நேரத்தில், "இது நெசப் பூட்டுங்க டீச்சர், இதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்லீங்க" என்று போன் செய்து சொன்னார். குரலில் ஒரு மரியாதை இருந்தது. அந்தத் திருப்தி எனக்குப் பத்து நிமிடம் நீடித்தது. பிறகு நஞ்சப்பன் மாமா போன் செய்து, "ஏம்மா, தொறக்க முடியலன்னா படிக்கறது எப்படி?" என்று கேட்டார். திறக்க முடியாத பட்டியலைப் படிக்கவும் முடியாது என்பது எனக்குத் தோன்றியிருக்கவில்லை. எல்லாருக்கும் பாஸ்வேர்டைச் சொன்னால்தான் படிக்கலாம், சொல்லிவிட்டால் எல்லாரும் மாற்றலாம். இதை யோசித்துக்கொண்டே நானே ஒரு முறை திறந்து பார்க்கலாம் என்று போனேன். தவறு என்றது. குறியை முன்னால் போட்டேனா பின்னால் போட்டேனா என்று சந்தேகம் வந்தது. முன்னால் போட்டேன், தவறு. பின்னால் போட்டேன், தவறு. இன்று மதியம் வரை நாற்பத்து மூன்று விதமாகப் போட்டுப் பார்த்து, போட்டதையெல்லாம் ஒரு தாளில் எழுதியும் வைத்திருக்கிறேன். ஒரு முறைகூட அது கோபப்படவில்லை. தவறு, தவறு என்று ஒரே குரலில் சொல்கிறது. முப்பது வருடமாக நான் மாணவர்களிடம் இப்படித்தான் சொல்லியிருப்பேனோ என்று நடுவில் ஒரு சந்தேகம்.

ஆக நிலைமை இதுதான். ஒரு பூட்டு என்னைத் தவிர எல்லாருக்கும் திறந்தது. இன்னொரு பூட்டு என்னையும் சேர்த்து யாருக்கும் திறக்கவில்லை. இரண்டுக்கும் யோசனை சொன்னவன் நீ.

நாளை ஞாயிறு காலை ஏழு மணிக்கு நான்கு வீடும் மோட்டார் ரூம் அருகில் கூடுகிறோம். நான் சொல்லப்போவதை முடிவு செய்துவிட்டேன். ஸ்தனிஸ்லாஸ் பட்டியலைத் திருத்தி, முறை தப்பித் தண்ணீர் கட்டியிருக்கிறார். விதிப்படி அவருடைய அடுத்த இரண்டு நாளும் போகும். தக்காளிக்கு இந்த நேரத்தில் அது பெரிய அடி என்று எனக்குத் தெரியும். அவர் மனைவி ரோசம்மா நேற்று சந்தையில் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள், எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்கிறதா இல்லையா என்று பார்த்து விதி வைக்க முடியாது. நஞ்சப்பன் மாமா வயதில் பெரியவர் என்பதால் அவருக்கு எடுத்துச் சொல்வதோடு நிறுத்திக்கொள்வேன். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். விடுமுறைக்கு வரும்போது அந்தக் கோப்பை எப்படியாவது திறந்து கொடு. குழுவில் சுற்றுகிற எதையும் இனி யாரும் நம்ப மாட்டார்கள், நான் போட்ட சரியான பட்டியல் என்று உறுதியாகச் சொல்லக்கூடியது அதற்குள் மட்டும்தான் இருக்கிறது. அதைக் காட்டினால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

உன் மனைவியைக் கேட்டதாகச் சொல். குழந்தை ஐஸ்வர்யா காலாண்டுத் தேர்வில் எடுத்த மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் என் வாழ்த்தைச் சொல்லிவிடு, கணக்கில் எவ்வளவு என்று மட்டும் எனக்குத் தனியாக எழுது. நீங்கள் எல்லாரும் நோய் நொடி இல்லாமல், வேலையில் குறை இல்லாமல், போன் மணி அடித்தால் எடுக்கும் நல்ல மனத்தோடு இருக்க எங்கள் குலதெய்வத்தை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா
கோகிலவாணி

பி.கு.: 6.10.2024, ஞாயிறு, மாலை.

நேற்று நான் போவதற்குள் தபால் நிலையம் மூடிவிட்டது. கடிதம் என்னிடமே இருந்ததால் இதையும் சேர்க்கிறேன்.

காலை ஏழு மணிக்கு எல்லாரும் வந்தார்கள். நான் வகுப்பில் நிற்பது போல நின்று பத்து நிமிடம் பேசினேன். மேலே எழுதியிருப்பதைத்தான் சொன்னேன், இன்னும் கொஞ்சம் நன்றாக. ஸ்தனிஸ்லாஸ் தோள் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டார். முடிந்ததும், "டீச்சர், நான் ஒண்ணும் மாத்தலீங்க. முப்பதாந்தேதி எனக்கு மொத நாளு. அடுத்த நாளும் எனக்குத்தானுங்களே? அதுக்கடுத்து சின்னம்மா. அதத்தான் எழுதச் சொன்னேன்" என்றார். அவருக்கு நான் பதில் சொல்ல வாயெடுக்கும்போது சின்னம்மாள் இடுப்பிலிருந்து மடித்த தாள்களை எடுத்தாள். நான் கொடுத்த ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் அச்சுத் தாள்கள். பட்டியல் விவகாரம் என்றதும் பழைய தாள்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமோ என்று கொண்டுவந்திருக்கிறாள்.

அவற்றைத் துணி துவைக்கிற கல்லின் மேல் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்தேன், என் பக்கத்தை நிரூபிப்பதற்காக. ஜூலையின் கடைசி இரண்டு வரி ஸ்தனிஸ்லாஸ். அதற்குக் கீழே ஆகஸ்டின் முதல் வரி எங்கள் வீடு. நடுவில் சின்னம்மாள் இல்லை. ஆகஸ்டுக்கும் செப்டம்பருக்கும் நடுவிலும் இல்லை. செப்டம்பர் முப்பது நாள் என்பதால் அக்டோபர் தொடக்கத்தில் ஸ்தனிஸ்லாஸின் ஒரு நாளும் சேர்ந்து போயிருந்தது. ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி புதுப் பக்கம் எடுத்து, புதிதாக எங்கள் வீட்டிலிருந்து தொடங்கியது நான். முப்பத்தொன்றை எட்டால் வகுத்தால் மூன்று ஈவு, ஏழு மீதி. ஆறாம் வகுப்பில் இதைத் தப்பாகப் போட்ட பிள்ளைகளை நான் நிற்க வைத்திருக்கிறேன். அந்த மீதிக்குள் வராத எட்டாம் நாளின் சொந்தக்காரி சின்னம்மாள் மூன்று மாதமாக, மாதம் ஒரு முறை, எட்டு நாளுக்குப் பதில் பதினான்கு, பதினைந்து நாள் தண்ணீருக்குக் காத்திருக்கிறாள். அந்தத் தண்ணீர் எங்கள் வயலுக்குப் போயிருக்கிறது.

நஞ்சப்பன் மாமாதான் கேட்டார். "அப்போ முறை தப்பினது யாரும்மா?"

"நாங்கதான் மாமா."

"ரூல் என்னம்மா சொல்லுது?"

சொன்னேன். சின்னம்மாள் இழந்தது மூன்று நாள். எங்கள் அடுத்த முறை இரண்டு நாளும் அவளுக்கு, மூன்றாவதுக்கு இன்றைக்கே அவள் கட்டட்டும் என்று முடிவாயிற்று. உன் மாமா முழங்காலைத் தடவிக்கொண்டார். நஞ்சப்பன் மாமா கண்டக்டர் பையைத் திறந்து, டிக்கெட் கொடுப்பது போல ப்யூஸ் கேரியரைச் சின்னம்மாள் கையில் கொடுத்தார். தன்னுடைய நான்கு நாளைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஸ்தனிஸ்லாஸிடம் நான் தவறு செய்துவிட்டேன் என்றேன். பரவாயில்லீங்க டீச்சர் என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சின்னம்மாளின் மடையைத் திறந்துவிடப் போனார்.

ஆகஸ்டிலேயே இந்தத் தாள்களை என்னிடம் காட்டியிருக்கலாமே என்று சின்னம்மாளிடம் கேட்டேன்.

"பூட்டியிருக்குதுன்னு சொன்னீங்களே டீச்சரக்கா. பூட்டி வெச்சதுக்குள்ள தப்பு இருக்கும்னு நான் எங்கங்க கண்டேன்?"

மேலே ஸ்தனிஸ்லாஸைப் பற்றி எழுதிய பக்கங்களைக் கிழித்துவிடலாமா என்று யோசித்தேன். கிழிக்கவில்லை, நீ படித்துக்கொள். கோப்பைத் திறக்க நீ வர வேண்டாம். அதற்குள் இருப்பது என் தவறு, அது இப்போதுதான் சரியாகப் பூட்டப்பட்டிருக்கிறது. புதுப் பட்டியலையும் என்னையே எழுதச் சொல்லியிருக்கிறார்கள். மாதம் பிரிக்காமல், மோட்டார் ரூம் சுவரில், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி.

மோட்டாரை எட்டேகாலுக்குப் போட்டோம். பன்னிரண்டு மணிக்கு த்ரீ பேஸ் கரண்ட் போய் மோட்டார் நின்றுவிட்டது. நான்கு பாத்தியைத் தவிர மற்றதெல்லாம் பாய்ந்திருந்தது. அந்த நான்குக்கும் நானும் சின்னம்மாளும் தொட்டியிலிருந்து குடத்தில் எடுத்து ஊற்றினோம், முப்பத்தாறு குடம். மொட்டு வெள்ளிக்கிழமைக்குள் விரியும் என்கிறாள். எனக்குத் தெரியவில்லை. கை வலிக்கிறது, இத்துடன் நிறுத்துகிறேன்.